தாதியின் மனமும் விடுதியின் கணக்கும்

அண்மைக் காலத்திலே தாதியர் கல்வி பற்றிப் பேசுவோரும் எழுதுவோரும் ஒரு தொடரை மந்திரம்போல் உச்சரித்து வருகின்றனர். ‘மனவெழுச்சி நுண்ணறிவு’ என்பது அத்தொடர். நோயாளியின் முகக்குறிப்பை அறிதல், அவன் சொல்லாது மறைக்கும் அச்சத்தை உணர்தல், தன் சினத்தையும் சலிப்பையும் அடக்கியாளுதல், உறவினரின் கடுஞ்சொல்லுக்கு இன்சொல்லால் விடையிறுத்தல் ஆகிய ஆற்றல்களின் தொகுதியாக அது விளக்கப்படுகிறது. இவ்வாற்றல் மிக்க தாதியே சிறந்த தாதி; இவ்வாற்றல் குன்றிய தாதியராலேயே வைத்தியசாலைகள் சீர்கெடுகின்றன; ஆகவே தாதியரைத் தெரிவு செய்யுங்காலை இதனை அளந்தறிதல் வேண்டும்; தெரிவு செய்யப்பட்டோருக்கு இதனைப் பயிற்றுதல் வேண்டும். இதுவே வாதத்தின் சாரம். அமெரிக்காவிலே பிறந்து, இங்கிலாந்தின் வைத்தியசாலைகளிலே இதன் வழிவந்த சிந்தனை அரச கொள்கையாக உருப்பெற்று, இன்று இலங்கையிலும் தாதியர் கல்வி பற்றிய உரைகளிலும் ஆய்வேடுகளிலும் தாராளமாக எடுத்தாளப்படும் இவ்வாதம், கருத்தூன்றி ஆராயப்பட வேண்டியதாகும்.

மேலோட்டமாக நோக்குவோருக்கு இதில் மறுப்பதற்கு யாதுமில்லை என்றே தோன்றும். அன்புள்ள தாதி வேண்டாம் என்று யார்தான் கூறுவர்? தாதியின் தொழிலில் மனவுணர்வுக்கு இடமில்லை என்போரும் ஒரு காலத்தில் இருந்தனர். ஊசி ஏற்றுதல், காயம் கட்டுதல், வெப்பநிலை குறித்தல் ஆகியவற்றோடு தாதியின் கடமை முடிந்துவிடுகிறது என்பது அன்னோர் கொள்கை. அது பிழையென்பதை எவரும் இன்று நிறுவ வேண்டியதில்லை. அமெரிக்கத் தாதியியல் அறிஞரான ஹில்டெகார்ட் பெப்லோ 1952இல் வெளியிட்ட நூலிலேயே, தாதிக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவே தாதித் தொழிலின் மையம் என்பதை வற்புறுத்திவிட்டார். எனவே தாதிக்கு மனவுணர்வு வேண்டுமா என்பதன்று வினா. அவ்வுணர்வைத் தாதியின் தனிப்பட்ட குணமாகக் கொள்வதா, அன்றி அவள் செய்யும் உழைப்பாகக் கொள்வதா என்பதே வினா. குணம் எனக் கொண்டால் குறைபாட்டுக்குப் பொறுப்பாளி தாதி. உழைப்பு எனக் கொண்டால் அவ்வுழைப்புக்கு வேண்டிய நேரம் எவ்வளவு, ஆட்கள் எத்தனை பேர், ஊதியம் யாது என்று நிருவாகத்தை நோக்கிக் கேட்க வேண்டிவரும். முதலாவது மலிவானது. அது விரும்பப்படுவதன் இரகசியமும் இதுவே.

இக்கருத்தின் பிறப்பு வரலாறு சுருக்கமானது. பீற்றர் சலோவே, ஜோன் மேயர் என்னும் இரு அமெரிக்க உளவியலாளர் 1990இல் இப்பெயரில் ஒரு கட்டுரை எழுதினர். உணர்வுகளை இனங்காணல், விளங்கிக்கொள்ளல், நெறிப்படுத்தல் ஆகியவற்றை ஓர் ஆற்றலாக வரையறுக்க முயன்ற அடக்கமான கட்டுரை அது. ஐந்தாண்டுகளின் பின்னர், 1995இல், டானியேல் கோல்மன் என்னும் பத்திரிகை எழுத்தாளர் அதே பெயரில் ஒரு நூல் வெளியிட்டார். வாழ்க்கை வெற்றிக்கு நுண்ணறிவு ஈவைக் காட்டிலும் இது முக்கியமானதாகலாம் என்பது அந்நூலின் அட்டையிலேயே அறிவிக்கப்பட்டது. நூல் உலகெங்கும் விற்பனையாயிற்று. முகாமையாளர் பயிற்சி வகுப்புகள் பெருகின, அளவுகோல்கள் பெருகின. மேயர் முதலாய மூலவர்களே இம்மிகைக் கூற்றுகளுக்கு ஆதாரம் இல்லை என்று மறுத்தெழுத நேர்ந்தது. அளவுகோல்களின் தன்மையும் கவனிக்கத்தக்கது. அவற்றுட் பல, ‘பிறர் உணர்வுகளை நீர் எளிதிற் புரிந்துகொள்வீரா?’ என்று உரியவரையே கேட்டு, அவர் தரும் விடைக்குப் புள்ளியிடுவன. தன்னையறியாத ஒருவன் இத்தேர்விற் சிறப்புச் சித்தி பெறுதல் மிக எளிது!

இத்தொடர் புகழடைவதற்கு முன்னரே வேறொரு தொடர் இருந்தது என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். ஆர்லி ஹொக்ஷில்ட் என்னும் சமூகவியலாளர் 1983இல் வெளியிட்ட ஆய்வு நூலில் விமானப் பணிப்பெண்களின் புன்னகையை ஆராய்ந்தார். பயணியின் திருப்திக்காகத் தன் உள்ளத்தைத் திருத்தியமைத்து ஒரு முகத்தைக் காட்டுவது, சுமை தூக்குவது போன்றே ஓர் உழைப்பு என்றும், அதனை நிறுவனம் விலைக்கு வாங்கி விற்கிறது என்றும், அவ்வாறு விற்போர் காலப்போக்கில் தம் சொந்த உணர்வுகளிலிருந்தே அந்நியமாகும் ஆபத்து உண்டு என்றும் அவர் காட்டினார். ‘உணர்வுழைப்பு’ என்று அதனைத் தமிழிற் கூறலாம். அதே புன்னகைதான்; அதே பொறுமைதான். ஹொக்ஷில்ட் அதனை உழைப்பு என்றார். கோல்மனின் வழிவந்தோர் அதனை அறிவாற்றல் என்கின்றனர். உழைப்புக்குக் களைப்பு உண்டு, வேலைநேரம் உண்டு, கூலி உண்டு. ஆற்றலுக்கோ இவை எவையும் இல்லை. களைத்துப்போன தாதி முதலாவது கொள்கையின்படி ஓய்வுக்கு உரியவள். இரண்டாவது கொள்கையின்படி பயிற்சிப் பட்டறைக்கு உரியவள்.

விமானத்திலிருந்து நோயாளர் விடுதிக்கு இவ்வாய்வை எடுத்துச் சென்றவர் பாம் ஸ்மித் என்னும் பிரித்தானியத் தாதி. இலண்டனில் மாணவத் தாதியரிடையே தாம் செய்த ஆய்வை 1992இல் அவர் நூலாக்கினார். பரிவு, மாணவியின் பிறவிக் குணத்தை மாத்திரம் பொறுத்ததாக அங்கு காணப்படவில்லை. விடுதிக்குப் பொறுப்பான சகோதரி எத்தகையவர் என்பதே விடுதியின் உணர்வுச் சூழலைப் பெரிதும் தீர்மானித்தது. தாம் கவனிக்கப்படுவதாக உணர்ந்த மாணவியர் நோயாளரை நன்கு கவனித்தனர். கைவிடப்பட்டதாக உணர்ந்தோர் நோயாளரிடமிருந்து ஒதுங்கினர். அதே பெண், ஒரு விடுதியிற் கனிவானவளாகவும் மற்றொன்றிற் கல்மனத்தினளாகவும் தோற்றமளித்தாள் என்றால், அளவுகோலைக் கொண்டு அவளுடைய மனத்தை அளப்போர் எதனை அளக்கின்றனர்?

ஸ்மித்துக்கு ஏறத்தாழ மூன்று தசாப்தங்களுக்கு முன்னர் இசபெல் மென்சிஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர் இலண்டனிலுள்ள ஒரு பெரிய போதனா வைத்தியசாலையில் நடத்திய ஆய்வு இன்னும் ஆழமானது. பயிற்சிக்குச் சேரும் மாணவத் தாதியரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பகுதியினர் பயிற்சியை நிறைவு செய்யாதிருந்த காலம் அது. மரணத்தோடும் அழுகிய புண்ணோடும் நாள்தோறும் பழகும் தாதிக்கு உண்டாகும் பதகளிப்பு இயல்பானது. அதற்கு வைத்தியசாலை கண்ட மாற்று யாதெனில், தாதி எந்த ஒரு நோயாளியோடும் நெருங்காதபடி வேலையைத் துண்டுதுண்டாகப் பிரிப்பதாகும். ஒருத்தி எல்லோருக்கும் வெப்பமானி வைப்பாள். மற்றொருத்தி எல்லோருக்கும் படுக்கை விரிப்பாள். நோயாளிக்குப் பெயரில்லை, பத்தாம் கட்டிலின் ஈரல், பதினைந்தாம் கட்டிலின் நியூமோனியா என்பனவே வழக்கு. உறங்குவதே நலம் தரும் நோயாளியையும் விடியுமுன் எழுப்பி முகம் கழுவுவர். மருத்துவர் வருமுன் விடுதி ஒழுங்காக இருத்தல் வேண்டுமன்றோ. மாணவத் தாதி ஒரு விடுதியிற் காலூன்றுமுன் மற்றொன்றுக்கு மாற்றப்படுவாள். உணர்ச்சிவசப்பட்டால் கண்டிக்கப்படுவாள். இத்தனையும், யாருடைய உள்ளமும் நோகாதிருக்க நிறுவனம் தன்னையறியாது கட்டியெழுப்பிய அரண்கள் என்றும், அவ்வரண்களே தாதியின் துயரைப் பெருக்கின என்றும் மென்சிஸ் கண்டார். வேலையை விட்டு விலகியோரிற் சிலர் மிகுந்த முதிர்ச்சியும் ஆற்றலும் உடையோராய் இருந்தனர் என்ற அவரது அவதானிப்பு ஈண்டு மனங்கொளத்தக்கது. நுண்ணுணர்வு மிக்கோரைத் தெரிந்தெடுத்துச் சேர்ப்பதனால் அமைப்பு திருந்திவிடாது. அமைப்பு அவர்களைத் துரத்திவிடும்.

உணர்வு ஒன்றே தாதியை ஆக்கும் என்னும் கருத்துக்குப் பெரிய சாட்சியாக எப்போதும் அழைக்கப்படுபவர் புளோரன்ஸ் நைற்றிங்கேல். கிரிமியப் போரிற் காயமுற்ற வீரரிடையே கைவிளக்கோடு நடந்த அம்மையாரின் சித்திரம் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் தெரிந்ததே. அச்சித்திரத்துக்குப் பின்னே உள்ள கணக்கு அத்துணை பிரசித்தமானதன்று. அவர் 1854 நவம்பரில் ஸ்கூற்றாரி வைத்தியசாலையை அடைந்தார். அவருடைய பரிவில் எவ்விதக் குறையுமில்லை. எனினும் அக்குளிர்காலத்தில் அங்கு மரணங்கள் குறையவில்லை, பெருகின. 1855 பெப்ரவரியில் சேர்க்கப்பட்டோரில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர் மடிந்தனர். மார்ச்சு மாதத்தில் இலண்டனிலிருந்து வந்த சுகாதார ஆணைக்குழு, கட்டடத்தின் அடியிற் கிடந்த கழிவுநீர்க் கால்வாய்களைத் துப்புரவாக்கிக் குடிநீரையும் காற்றோட்டத்தையும் சீர்செய்த பின்னரே எண்ணிக்கை சரிந்தது. கோடையில் அது நூற்றுக்கு இரண்டு, மூன்று என்னும் அளவிற்கு வந்தது. இதனை மறைக்காது, வரைபடங்களாக வரைந்து அரசாங்கத்தின் முகத்தில் எறிந்தவர் அதே நைற்றிங்கேல் என்பதே அவருடைய பெருமை. புள்ளிவிபரவியற் கழகத்தின் முதற் பெண் உறுப்பினர் அவர். ஆயினும் உலகம் போற்றுவது அவர் கையிலிருந்த விளக்கையே, பேனாவையன்று. விளக்கு பிடிப்பதற்கு அரசாங்கத்துக்குச் செலவில்லை. கால்வாய் திருத்துவதற்குச் செலவுண்டு.

இனி, இக்கொள்கை நடைமுறையில் எவ்வாறு தொழிற்பட்டது என்பதை இங்கிலாந்தின் அண்மைக்கால வரலாற்றிலிருந்து சற்று விரிவாக நோக்கலாம். மத்திய இங்கிலாந்திலுள்ள ஸ்ரபோட் வைத்தியசாலையில் 2005 முதல் 2009 வரை நிகழ்ந்தவை நாட்டையே அதிரவைத்தன. நோயாளர் தம் மலசலத்திலேயே மணிக்கணக்காகக் கிடந்தனர். தண்ணீர் எட்டாத இடத்தில் வைக்கப்பட்டது. அழைப்பு மணி ஒலித்தும் எவரும் வரவில்லை. றொபேட் பிரான்சிஸ் தலைமையில் நடந்த பகிரங்க விசாரணையின் அறிக்கை, 290 விதப்புரைகளோடு 2013 பெப்ரவரியில் வெளியாயிற்று. தாதியரின் நெஞ்சம் கல்லாகிவிட்டது என்ற கூக்குரல் பத்திரிகைகளில் எழுந்தது. தாதியர் கல்வி பல்கலைக்கழகத்துக்குச் சென்றமையால் அன்னோர் படித்துக் கெட்டனர் என்றுங்கூடச் சிலர் எழுதினர். பல்கலைக்கழக வாசகர் இவ்வாதத்தை வேறிடங்களிலும் கேட்டிருப்பர்.

விசாரணை வெளிக்கொணர்ந்த மற்றைய உண்மைகள் யாவை? சுயாட்சி அந்தஸ்துப் பெறும் பொருட்டு வரவுசெலவைச் சரிக்கட்ட முனைந்த அவ்வைத்தியசாலையின் நிருவாகம், 2006–07 நிதியாண்டில் ஒரு கோடி பவுணை மிச்சப்படுத்தத் திட்டமிட்டு, 150க்கு மேற்பட்ட பணியிடங்களை ஒழித்தது. அவற்றுள் தாதியர் பணியிடங்களும் அடங்கும். நோயாளரைப் பற்றிய முறைப்பாடுகளைவிடக் காலக்கெடுக்களும் நிதியிலக்குகளுமே நிருவாக சபையின் கவனத்தைக் கவர்ந்தன. தாதியர் பற்றாக்குறை பற்றி எழுத்திற் கொடுக்கப்பட்ட முறையீடுகள் கேட்பாரற்றுக் கிடந்தன. நால்வர் செய்ய வேண்டியதை இருவர் செய்யும் விடுதியில், மணி ஒலிக்கும் ஐந்து கட்டில்களில் ஒன்றுக்கே போகக்கூடிய தாதி மற்றை நான்கினது ஒலியையும் கேளாதவளாகத் தன்னைப் பழக்கிக்கொள்கிறாள். அவ்வாறு பழகாதவள் அங்கு நிலைத்திருத்தல் இயலாது. அங்கே கொடுமை செய்தோர் இல்லை என்பதன்று. இருந்தனர், அவர்கள் மன்னிக்கத்தக்கோருமல்லர். ஆனால் ஒரு வைத்தியசாலையின் விடுதிகள் பலவற்றிலும் ஆண்டுக்கணக்காக ஒரே வகையான புறக்கணிப்பு நிகழுமாயின், கொடுமனம் படைத்தோர் எல்லோரும் ஒருசேர அங்கு வந்து கூடினர் என்று கருதுவது பேதைமை.

பரிகாரங்கள் எவ்வாறு பங்கிடப்பட்டன என்பதை நோக்குவோர் இக்கொள்கையின் உண்மையான பயனை அறிவர். விசாரணை அறிக்கைக்கு முன்னரே, 2012 டிசெம்பரில், இங்கிலாந்தின் தாதியர் தலைமை ஆறு சொற்களை வெளியிட்டிருந்தது: பராமரிப்பு, பரிவு, தகைமை, தொடர்பாடல், துணிவு, அர்ப்பணிப்பு. ஆங்கிலத்தில் ஆறும் ஒரே எழுத்திலே தொடங்குவன. அவ்வாவணத்தின் செயற்றிட்டப் பகுதியிற் போதிய ஆளணி பற்றிய பேச்சும் உண்டாயினும், சுவரொட்டிகளில் ஏறியவை இவ்வாறு சொற்களே. தாதியரின் எண்ணிக்கை என்பது வேறோர் எழுத்தில் தொடங்குவதனாற் போலும், அது பட்டியலிற் சேரவில்லை. பிரான்சிஸ் அறிக்கை, தாதிப் பயிற்சிக்கு விண்ணப்பிப்போரின் பரிவு முதலாய மனப்பாங்குகளை அறியும் தேர்வொன்றைப் பரிசீலிக்குமாறு கூறியது. 2014இல் விழுமிய அடிப்படையிலான தெரிவுமுறை நாடளாவிய சட்டகமாயிற்று. அதே அறிக்கை, பாதுகாப்பான ஆளணி மட்டம் பற்றி அறிவியல் ஆதாரத்தோடு வழிகாட்டல் தயாரிக்குமாறும் கூறியது. மருத்துவ வழிகாட்டல்களுக்குப் பொறுப்பான தேசிய நிறுவனம் 2014 யூலையில் முதல் வழிகாட்டலை வெளியிட்டு, பகல் வேளையில் ஒரு தாதிக்கு எட்டு நோயாளருக்கு மேற்படின் தீங்கு நேரும் ஆபத்து மிகும் என்று சுட்டிக்காட்டியது. ஓராண்டு கழியுமுன், 2015 யூனில், அப்பணியை நிறுத்துமாறு தேசிய சுகாதார சேவையின் தலைமை கேட்டுக்கொண்டது, பணி நின்றது. மனத்தை அளக்கும் திட்டம் தொடர்ந்தது. ஆட்களை எண்ணும் திட்டம் கைவிடப்பட்டது. 2017இல் மாணவத் தாதியருக்கு வழங்கப்பட்டுவந்த உதவிப்பணமும் இங்கிலாந்தில் நிறுத்தப்பட்டு, கடன்பட்டுக் கற்கும் முறை புகுத்தப்பட்டது. 2020இல் அதன் ஒரு பகுதியே வேறுருவில் மீண்டது. பரிவுள்ளோர் மாத்திரம் வருக, கடனோடு வருக என்பதே அழைப்பின் பொருள்.

ஆளணி பற்றிய வாதம் வெறும் தொழிற்சங்கக் கோஷம் அன்று என்பதற்கு ஆய்வுச் சான்று வலுவாக உண்டு. லின்டா எய்க்கன் என்பாரும் அவரது குழுவினரும் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து 168 வைத்தியசாலைகளில் சத்திரசிகிச்சை பெற்ற இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட நோயாளரின் தரவுகளை ஆராய்ந்து 2002இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒரு தாதியின் பொறுப்பில் மேலதிகமாகச் சேர்க்கப்படும் ஒவ்வொரு நோயாளிக்கும், முப்பது நாட்களுள் மரணம் நேரும் வாய்ப்பு 7 வீதத்தால் அதிகரித்தது. தாதி உளச்சோர்வுக்கு ஆளாகும் வாய்ப்பு 23 வீதத்தால் அதிகரித்தது. இவ்விரு எண்களையும் அருகருகே வைத்து நோக்குதல் வேண்டும். நோயாளியைக் கொல்வதும் தாதியின் மனத்தை வறட்டுவதும் ஒன்றே. கலிபோர்னியா மாநிலம் 1999இல் இயற்றிய சட்டம் 2004இல் நடைமுறைக்கு வந்தது. பொது விடுதிகளில் ஒரு தாதிக்கு ஆறு நோயாளர் என்றும், அடுத்த ஆண்டு முதல் ஐவர் என்றும் அது வரம்பு விதித்தது. அச்சட்டம் எத்தாதியின் நெஞ்சையும் சோதிக்கவில்லை.

பெருந்தொற்றுக் காலத்தில் இவ்வேடத்தின் உச்சக்காட்சி அரங்கேறியது. 2020 மார்ச்சு 26 தொடங்கிப் பத்து வாரங்கள், வியாழன்தோறும் இரவு எட்டு மணிக்குப் பிரித்தானிய மக்கள் வாசலில் நின்று சுகாதார ஊழியருக்குக் கைதட்டினர். மக்களின் நன்றி உண்மையானது; அதனை ஏளனம் செய்தல் தகாது. அவர்களோடு நின்று கைதட்டிய அரசாங்கம், மறு ஆண்டு மார்ச்சில் அவ்வூழியருக்கு முன்மொழிந்த சம்பள உயர்வு ஒரு வீதம். கண்டனம் எழவே அது மூன்று வீதமாயிற்று. பெயரிற் கல்லூரியாயினும் தொழிற்சங்கமாகவும் இயங்கும் அரச தாதியர் கல்லூரி 1916இல் தோன்றியது. 1995 வரை வேலைநிறுத்தம் செய்வதில்லை என்ற விதியைத் தனக்குத்தானே விதித்திருந்தது. அச்சங்கத்தின் உறுப்பினர் 2022 டிசெம்பர் 15இல் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, நோயாளரைக் கைவிடும் இரக்கமற்றோர் என்ற பழிச்சொல்லுக்கும் ஆளாயினர். இரக்கம் என்பது தாதியின் கூலிக்கோரிக்கைக்கு எதிரான ஆயுதமாக மாறுவதை இதனினும் தெளிவாகக் காட்டுதல் அரிது.

தாதித் தொழில் பெரும்பாலும் பெண்கள் தொழிலாயிருத்தலே இவை அனைத்துக்கும் வசதி செய்கிறது. பரிவு பெண்ணின் இயல்பு எனப்படுவதால் அதற்குக் கூலி கேட்பது இயல்பைத் துறப்பதாகிவிடுகிறது. சொற்களே இதற்குச் சான்று. ஈழத்தில் வழங்கும் ‘தாதி’ என்னும் சொல் பணிப்பெண்ணையும் வளர்ப்புத் தாயையும் குறித்தது. தமிழகத்தில் வழங்கும் ‘செவிலி’யும் வளர்ப்புத் தாயே. வீட்டினுள்ளே கூலியின்றிச் செய்யப்பட்ட வேலையின் பெயர்களே தொழிலின் பெயர்களாகத் தொடர்கின்றன. அகப்பாடல்களில் வரும் செவிலியை மனவெழுச்சி நுண்ணறிவின் பழந்தமிழ் முன்மாதிரியாகக் காட்ட எவரேனும் முற்படலாம். தலைவியின் மேனி வேறுபாட்டை முதலில் கண்டு கலங்குபவள் அவளே அன்றோ. உண்மை, ஆனால் கண்டபின் அவள் செய்வது யாது? முருகனால் நேர்ந்த அணங்கு என்று மயங்கி, வேலனை அழைத்து வெறியாட்டெடுக்கிறாள். அன்பு குறையவில்லை, அறிகுறியும் தப்பவில்லை, நோய்நிர்ணயந்தான் முற்றாகப் பிழைத்தது. உண்மையறிந்தவள் தோழி, ஏனெனில் தலைவி அவளிடமே வாய்திறந்து பேசினாள்.

திருக்குறளின் மருந்து அதிகாரம் இத்துறையில் அடிக்கடி மேற்கோளாகும் மற்றொன்று. நோயுற்றவன், மருத்துவன், மருந்து என்பவற்றோடு ‘உழைச்செல்வான்’ எனப்படும் பணியாளனையும் மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் ஒன்றாக வள்ளுவர் வைத்தார். உழைச்செல்வானுக்கு வேண்டுவன நான்கு என்று பரிமேலழகர் விரிக்குமிடத்து நோயாளியிடத்து அன்புடைமை முதலாவதாக நிற்கிறது. மேடைகளில் இவ்வளவோடு நிறுத்திக்கொள்கின்றனர். மனமொழிமெய்த் தூய்மை, சொல்லியவாறு செய்யும் வன்மை, அறிவுடைமை ஆகிய ஏனைய மூன்றும் அதே வரியில் உள்ளன. அதற்குமேலும் ஒன்றுண்டு. நோயாளிக்கு வேண்டிய நான்கினையும் உரைகாரர் கூறுகின்றார். அவற்றுள் ஒன்று தன் நோயின் நிலையை உணர்த்தும் வன்மை.

உணர்த்துதற்கு மொழி வேண்டும். இலங்கையில் மனவெழுச்சி நுண்ணறிவு பற்றி உரையாற்றுவோர் கடந்துசெல்லும் இடம் இதுவே. 1956இல் சிங்களம் மாத்திரம் அரசகரும மொழியாக்கப்பட்டது. 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழும் அரசகரும மொழியாகும் என்று கூறியது. சட்டம் கூறியது விடுதிக்குள் நுழையவில்லை என்பதை மலையகத்திலிருந்து பெரிய வைத்தியசாலைகளுக்கு மாற்றப்படும் நோயாளரைக் கேட்டறியலாம். சிங்களம் மட்டுமே அறிந்த தாதி கெட்டவள் அல்லள். பலர் மிகக் கனிவானவர்கள். அவளுக்குத் தமிழ் கற்பிக்கப்படவில்லை. வடக்கிலும் கிழக்கிலும் சிங்கள நோயாளி ஒருவர் தமிழ்த் தாதியிடம் வந்து சேருமிடத்தும் நிலை இதுவே.

தேயிலைத் தோட்டத்துப் பெண்ணொருத்தி நள்ளிரவிற் கட்டிலில் எழுந்திருந்து, ‘நெஞ்சு அடைக்குது மிஸி’ என்கிறாள். ‘நெஞ்சு கரிக்குது’ என்று அவள் சொல்லியிருந்தால் அது வேறு. புளித்த ஏப்பத்துக்கு மருந்து கொடுத்து உறங்கச் சொல்லலாம். அடைப்பதாயின் இதயத் துடிப்பு வரைபடம் உடனே எடுக்கப்படல் வேண்டும். மருத்துவர் அழைக்கப்படல் வேண்டும். இரு வினைச்சொற்களுக்கிடையே ஓர் உயிர் நிற்கிறது. தாதி அவள் முகத்தைப் பார்க்கிறாள், அச்சத்தைக் காண்கிறாள், கையைப் பற்றிக்கொள்கிறாள். பயிற்சிப் பட்டறையிற் கற்பிக்கப்பட்ட அனைத்தையும் பிழையறச் செய்கிறாள். பின்னர் நிலம் துடைத்துக்கொண்டிருக்கும் தமிழ்ச் சிற்றூழியரைக் கூப்பிடுகிறாள். அவர் துடைப்பத்தைச் சுவரிற் சாத்திவிட்டு வந்து, நோயாளியின் சொல்லைத் தாதிக்கும் தாதியின் சொல்லை நோயாளிக்கும் மாற்றிக் கூறுகிறார். ஒன்றுமில்லை அம்மா, பயப்படாதீங்க என்று தன் பங்குக்கும் ஒரு சொல் சேர்க்கிறார். அன்றிரவு அவர் அவ்விடுதியில் இல்லாதிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று எவரும் கேட்பதில்லை. மொழிபெயர்ப்பு அவருடைய கடமைப் பட்டியலில் இல்லை. மாத முடிவிற் சம்பளச் சீட்டிலும் அதற்கென ஒரு சதமும் இல்லை.